பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் புஷ்: எந்தத் தொல்லைக்கு எதைப் பார்ப்பது

பிரேக் மிதித்தால் ஒரு ‘டொக்’. ரிவர்ஸில் வந்து மிதித்தால் இன்னொரு ‘டொக்’. இதைக் கேட்டதும் புஷ் செட் முழுவதையும் வாங்கிப்போட்டு, இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் மாற்றி, கை முட்டியெல்லாம் தோல் உரிந்து, கடைசியில் அதே ‘டொக்’கோடு வண்டியை வெளியே எடுத்தவன் நான். பிரேக் பேடைப் பிடித்துவைக்கும் சின்னக் கிளிப் ஒன்று இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். அதைவிடக் கேவலம், அப்படிப் பாடுபட்டு மாற்றிய புது புஷ்கள் ஒரு வருடத்துக்குள் கிழிந்தன. அது முழுக்க என் கைவேலை. ஏன் கிழிந்தன என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த வேலையில் நிறையப் பேர் தெரியாமல் செய்வதும் அதையேதான்.

முதலில் புஷ் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. புஷ் பேரிங் அல்ல. சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் இரும்புக் கைதான் ஆர்ம்; அதன் முனையில் உள்ள ஓட்டைக்குள், அதாவது கண்ணுக்குள், இறுக்கமாக உட்காரும் வெளி ஸ்லீவ் (குழாய்), போல்ட் நுழையும் உள் ஸ்லீவ், நடுவில் இரண்டோடும் சூட்டில் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை முறுக்கும்போது வண்டியின் உடலில் உள்ள பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் உள் ஸ்லீவை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் வழுக்காது, எதுவும் சுழலாது. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மறுபடி விரிகிறது. அதாவது புஷ் ஒரு குட்டி ஸ்பிரிங். இதற்கு விதிவிலக்கும் உண்டு. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் நான்கு சிலிண்டர் மாடலில், கீழ் விஷ்போனில் (கவட்டை வடிவ ஆர்ம்) இருப்பது இரண்டு பாதியாக வரும் வெறும் ரப்பர் புஷ்; அதனால்தான் அந்த வண்டிக்காரர்கள் பலர் 1973-இல் வந்த ஜிடி வி8 மாடலின் ஒற்றைத்துண்டு புஷ்ஷுக்கு மாறிவிடுகிறார்கள், நேராகப் பொருந்தும், நீண்ட நாள் வரும். பாலியூரிதேன் புஷ் வேறு ஜாதி. அது எதோடும் ஒட்டியிருக்காது, ஸ்லீவ் மேல் வழுக்கிச் சுழலும்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு வேலை. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிவையுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். எதற்கு என்று கடைசியில் தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது ஒற்றை ‘டொக்’

ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் மிதியுங்கள். சத்தம் வந்ததா? ரிவர்ஸ் போடாமல், மறுபடி முன்னோக்கியே நகர்ந்து மறுபடி மிதியுங்கள். இப்போதும் வந்தால் புஷ், பால் ஜாயின்ட் (ஆர்மின் சக்கர முனையில் இருக்கும் குண்டு மூட்டு) பக்கம் சந்தேகப்படலாம், ஏனென்றால் பிரேக்கை விட்டதும் ஆர்ம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது, மறுபடி மிதித்தால் மறுபடி இடிக்கிறது. முதல் தடவை மட்டும் வந்து, ரிவர்ஸ் எடுத்து வந்த பிறகுதான் திரும்பக் கேட்கிறது என்றால், பேடுதான் காலிப்பருக்குள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்து உட்காருகிறது. இந்த ஒரு பரிசோதனையை நான் செய்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

புஷ்தான் என்று தோன்றினால், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட) ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் கொடுத்துவிட்டு எதிர்த்துத் தள்ளும். செத்த ரப்பர் எதிர்ப்பே இல்லாமல் போய், இரும்போடு இரும்பு முட்டும். இங்கே எல்லாரும் ஏமாறும் விஷயம் ஒன்று: வெளியே தெரியும் வெடிப்பு. முப்பது வருடப் பழைய ரப்பரில் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருக்கத்தான் செய்யும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள் ஸ்லீவைச் சுற்றி செங்கல் நிறத்தில் மெல்லிய துருத்தூள் படிந்திருக்கிறதா, பிராக்கெட்டின் உள்பக்கம் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கிறதா, ஸ்லீவ் ஓட்டையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

நேர் ரோட்டில் அலைகிறது, பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கிறது

நேராகப் போகும்போது ஸ்டீரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா? முன் கீழ் ஆர்மின் புஷ்ஷோ, ஆர்மை முன்பின்னாகப் பிடித்திருக்கும் ராடின் புஷ்ஷோ தளர்ந்தால் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) நிற்காது. பிரேக்கில் சக்கரம் பின்னால் தள்ளப்படும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்வது அபூர்வம், அதனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் ஒரு பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டாலும் இதேபோல்தான் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோங்கள், ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுடுகிறது என்றால் புஷ்ஷை மறந்துவிட்டு பிரேக்கைப் பாருங்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், வேறொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட், கிங்பின் (பழைய வண்டிகளில் சக்கரம் திரும்பும் அச்சு), புஷ் இவற்றில் ஒன்று. எது என்பதை எது நகர்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: முன்பக்க டிரன்னியனுக்கு, அதாவது சக்கரத்தோடு திரும்பும் தண்டின் கீழ்மரை உட்காரும் மூட்டுக்கு, கிரீஸ் அல்ல, கியர் ஆயில். கிரீஸ் அடித்துக்கொண்டே இருந்தால் அது மரையின் கீழ்வரை போய்ச் சேராது, துரு ஏறும், ஒரு நாள் சக்கரம் மடங்கும்.

சின்ன மேடு பள்ளத்தில் ‘கட கட’, பெரிய பள்ளத்தில் சத்தமே இல்லை

அனேகமாக ஆன்டி ரோல் பார், வளைவில் வண்டி சாயாமல் இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி. அதன் லிங்க்குகளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க் அல்லது பாரைப் பிடித்திருக்கும் ரப்பர். கழற்றும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் போல்ட் வெளியே வர மறுக்கும்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் தானாகத் திரும்புகிறது

வளைவின் நடுவில் காலைத் தூக்கினால் பின்பக்கம் யாரோ கையால் தள்ளியதுபோல ஒரு பக்கம் நகர்கிறது. பின் ஆர்மின் புஷ் தளர்ந்து, எஞ்சின் இழுக்கும்போது சக்கரம் ஒரு கோணத்திலும் விடும்போது இன்னொரு கோணத்திலும் நிற்கிறது என்று அர்த்தம். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எம்ஜிபி மாதிரி லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டை ஸ்பிரிங்) வண்டியில் பட்டையின் முன் கண்ணில் இருக்கும் புஷ்ஷையும், பின்னால் ஷேக்கிளில் (பட்டையின் பின்முனையைப் பிடித்திருக்கும் ஆடும் இணைப்பு) இருக்கும் இரண்டு பாதி ரப்பர்களையும் பாருங்கள். ஆக்ஸிலை முன்பின்னாக நிறுத்துவது முன் கண் புஷ்தான்.

டயர் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது, அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை

அலைன்மென்ட் எந்திரம் நிற்கிற வண்டியை அளக்கிறது. புஷ் செத்திருந்தால் ஓடும்போது கோணம் வேறு. புஷ்ஷை மாற்றாமல் அலைன்மென்டுக்கு மேல் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு.

கீச்சு கீச்சென்று பழைய கட்டில் சத்தம்

ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் பீய்ச்சி, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிப் பாருங்கள். எதில் தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். ஆயில் அடித்துப் பார்க்கலாமே என்று கை போகும், வேண்டாம். இயற்கை ரப்பர் மினரல் ஆயிலைக் குடித்து ஊதிப் பொதுபொதுவென்று ஆகிவிடும். இன்றைக்குச் சத்தம் நிற்கும், புஷ்ஷின் ஆயுளும் அதோடு போகும்.

இதுவரை சொன்னது எதைக் கழற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க. இனி கழற்றும்போது வரும் தொல்லைகள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள், எந்த வாஷர் எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தை எட்டிப்பார்த்துக்கொள்ளலாம். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போல கீழ் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் சக்கரக் கோணத்தை மாற்றும் போல்ட்) இருந்தால், கேம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயின்டால் குறித்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

அப்புறம், ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, ஆர்மைக் கழற்றினால் ஒன்றும் துள்ளாது. எம்ஜிபியில் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் கீழ் விஷ்போன் மேல் நெரிபட்டு நிற்கிறது. ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜாக்கை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஸ்பிரிங் தளர்ந்த பிறகுதான் மற்றது. 1989 வரை வந்த போர்ஷே 911-இல் சுருளே கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி. பின் ஸ்பிரிங் பிளேட்டைத் தாங்கிப் பிடிக்காமல் அவிழ்த்தால் அது விசையோடு கீழே அடிக்கும். விரல் போகும்.

நட் கழன்றுவிட்டது, போல்ட் வரவில்லை

இந்த வேலையில் பாதி நேரம் இதில்தான் போகும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போல்ட் தலையில் ஸ்பேனரை வைத்துத் திருப்புகிறீர்கள். கால் சுற்று வருகிறது, ஆஹா என்று சந்தோஷம். ஸ்பேனரை விட்டால் அது மெதுவாகப் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. கையில் ரப்பர் பேண்டை முறுக்கி விட்டதுபோல இருக்கும். உள் ஸ்லீவும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிட்டன, நீங்கள் திருப்புவது போல்ட்டை அல்ல, ரப்பரை. இந்த நிலையில் சுத்தியலால் அடித்தால் அடியின் வேகத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், போல்ட் முனை மட்டும் காளான்போல விரியும். அப்படி விரிந்த போல்ட் பிராக்கெட் ஓட்டை வழியாகவும் வராது.

சரி, என்ன செய்யலாம்? துரு இளக்கும் ஆயிலை ஸ்லீவின் இரண்டு முனையிலும் விட்டு ஒரு இரவு விடுங்கள், மறுநாள் காலையில் மறுபடி விடுங்கள். பழைய புஷ் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதனால் இங்கே ஆயிலுக்குப் பயப்பட வேண்டாம். கழற்றுகிற திசையில் மட்டும் இழுக்காமல், முதலில் இறுக்குகிற திசையில் கொஞ்சம், பிறகு கழற்றும் திசையில் கொஞ்சம் என்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கேட்கவில்லையென்றால் சூடு. இதில் மூன்று விஷயம்: முந்தின நாள் விட்ட ஆயில் தீப்பிடிக்கும், பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே தொங்கும், ரப்பர் எரிந்தால் கறுப்புப் புகை தொண்டையைப் பிடிக்கும். பழைய உரிமையாளர் பாலியூரிதேன் போட்டிருந்தால் நெருப்பைக் காட்டவே காட்டாதீர்கள், அதன் புகை விஷம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். போல்ட்டின் இரண்டு முனைகளும் உள்ள பிராக்கெட்டைக் காட்டிலும் ஸ்லீவின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேருவது கஷ்டம் என்பதால், மோசமாகப் பிடித்த போல்ட்டுக்கு இது பல நேரம் உதவுவதில்லை.

கடைசி வழி அறுப்பது. நான் இப்போதெல்லாம் இரண்டாவது நாளே இதற்கு வந்துவிடுகிறேன், கௌரவம் பார்ப்பதில்லை. பிராக்கெட் காதுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடு நுழையும் இடைவெளி கிடைக்கும், நெம்புகோலால் ரப்பரை ஒரு பக்கம் தள்ளினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஸ்லீவையும் போல்ட்டையும் சேர்த்தே அறுத்துவிட்டால் ஆர்ம் அப்படியே கையோடு வந்துவிடும். முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம் இருந்தால் சுலபம். பிராக்கெட்டில் கீறல் விழாமல் பிளேடை புஷ் பக்கமாகவே சாய்த்துப் பிடியுங்கள். புது போல்ட் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், அதே நீளம், அதே தரம், மரை இல்லாத தண்டுப்பகுதியும் அதே நீளம். தலையில் தரம் பொறிக்காத ஏதோ ஒரு போல்ட் இங்கே போகக் கூடாது.

டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அதன் பின் கீழ் ஆர்மைப் பிடித்திருக்கும் நீள ஸ்பிண்டில் பின், சக்கரத் தாங்கியின் வார்ப்புக்குள் முழு நீளத்துக்கும் துருப்பிடித்து உட்கார்ந்துவிடும். நடுவில் ஒரு சின்னப் பூட்டு ஊசி உண்டு, அதை எடுக்காமல் எத்தனை அடித்தாலும் பின் நகராது. அதை எடுத்த பிறகும் சுத்தியலால் அடித்தால் முனையில் உள்ள மரை நசுங்குவதுதான் மிச்சம். மரையில் ஒரு நீள நட்டை ஏற்றி, ஒரு குழாயை முட்டுக்கொடுத்து, நட்டை முறுக்கி இழுத்து எடுக்கும் புல்லர்தான் அதற்கு வழி. அதுவும் தோற்றால் தாங்கியோடு கழற்றி, பெரிய பிரஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஆர்ம் கையில் இருக்கிறது, புஷ் வெளியே வரவில்லை

அழுத்துவதற்கு முன் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆர்மின் கண்ணிலிருந்து வெளி ஸ்லீவ் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு, ரப்பரில் வெற்றிடங்கள் விட்டிருந்தால் அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன. வெற்றிடம் இருக்கும் திசையில் புஷ் மென்மையாகவும் அதற்குக் குறுக்கே கடினமாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். தொண்ணூறு டிகிரி தப்பாகப் போட்டால் வண்டி இடித்துக்கொண்டும் ஓடும், அலையவும் செய்யும்.

பிரஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நீள மரைத்தண்டு, இரண்டு நட், கனமான வாஷர்கள், இரண்டு சாக்கெட் போதும். ஒரு சாக்கெட் புஷ்ஷின் வெளி ஸ்லீவைவிட நூலளவு சின்னது, மற்றது அது உள்ளே நுழையும் அளவு பெரியது. மரைக்குக் கிரீஸ் தடவி முறுக்க முறுக்கச் சின்னது புஷ்ஷைத் தள்ளும், பெரியது வாங்கிக்கொள்ளும். இதில் ஆபத்து, தகட்டை வளைத்துச் செய்த ஆர்ம்கள். இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கும் ஆர்மில் அழுத்தம் கொடுத்தால் புஷ் நகர்வதற்கு முன் ஆர்ம் சப்பையாகிவிடும். நடுவில் சரியான நீளத்தில் ஒரு குழாய்த்துண்டைப் பாதியாக அறுத்து முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். நான் ஒன்றைச் சப்பையாக்கிய பிறகுதான் இதைக் கற்றேன். அதை வைஸில் வைத்து நிமிர்த்திப் பார்த்தேன், பார்ப்பதற்கு நேராகத்தான் இருந்தது, போல்ட் ஓட்டைகள் மட்டும் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. வேறு ஆர்ம் தேட வேண்டியதாயிற்று.

நடு ரப்பர் மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து வெளி ஸ்லீவ் உள்ளேயே நின்றுவிட்டதா? பதற வேண்டாம், இது நல்லதுக்குத்தான். ஹேக்ஸா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, கண்ணுக்குள் நுழைத்து, மறுபடி சட்டத்தில் மாட்டி, ஸ்லீவின் சுவரை நீளவாக்கில் அறுங்கள். பத்துத் தடவை இழுத்ததும் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லீவ் அறுபட்டு முடியும் இடத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு, அதாவது ஸ்லீவுக்கும் ஆர்முக்கும் நடுவில் இருக்கும் துருக்கோடு தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். ஆர்மில் மெல்லிய கீறல் விழுந்தால் குடிமுழுகாது, ஆழமான வெட்டு விழுந்தால் அங்கிருந்துதான் நாளைக்கு விரிசல் கிளம்பும். அறுத்த வெட்டின் ஓரத்தில் சின்ன உளியை வைத்து உள்நோக்கி மடக்கினால் ஸ்லீவ் சுருங்கும், ‘டிக்’கென்று ஒரு சத்தத்தோடு பிடி விட்டுவிடும். அதற்கு அப்புறம் கையாலேயே தள்ளலாம்.

புது புஷ் கோணலாக நுழைகிறது

உடனே நிறுத்துங்கள். கோணலாகத் தொடங்கிய புஷ் போகப் போக நேராகாது, கண்ணின் சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும். வெளியே எடுத்து, கண்ணின் உள்பக்கத்தை நைஸ் எமரித்தாளால் துருப்போகத் தேய்த்து, விளிம்பில் உள்ள பிசிறை அரத்தால் மழுங்கடித்து, மறுபடி தொடங்குங்கள். முதல் இரண்டு மில்லிமீட்டர் நேராகப் போனால் மீதி தானாகப் போகும்.

புஷ்ஷை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைப்பது எல்லாரும் சொல்லும் வித்தை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஸ்லீவ் 40 டிகிரி குளிர்ந்தால் 0.02 மில்லிமீட்டர்தான் சுருங்கும். ஒன்றுமில்லாததுக்கு அது பரவாயில்லை, மாயம் எதிர்பார்க்காதீர்கள். ஆர்மையும் இளஞ்சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் ரப்பர் சூடான ஆர்மில் உட்காரப்போகிறது என்பதால் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போக வேண்டாம். அழுத்தும்போது சாக்கெட் வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் படட்டும். உள் ஸ்லீவைத் தள்ளி நுழைத்தால் ரப்பரின் ஒட்டு உள்ளுக்குள் பிரிந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெறும் ரப்பர் புஷ்ஷாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

ரப்பரா பாலியா என்று கேட்டால், ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்குத்தான். பாலி நீண்ட நாள் வரும், ஆயிலுக்கு அசையாது, ஸ்டீரிங் சுருக்கென்று திரும்பும், அது உண்மை. ஆனால் ஒரே அச்சில் சுழலும் புஷ்ஷுக்குத்தான் அது சரி. இரண்டு மூன்று திசையில் வளைய வேண்டிய இடத்தில் பாலி வளைய மறுக்கும், வேறு ஏதாவது வளைந்தாக வேண்டும். 240இசட்-இன் டிசி ராடுக்கு (முன் ஆர்மை முன்பின்னாகப் பிடித்திருக்கும் ராட்) இரண்டு பக்கமும் பாலி போட்டு ராடே முறிந்த கதைகள் அந்த வட்டாரத்தில் பிரசித்தம்; ஒரு பக்கம் பாலி, மறுபக்கம் ரப்பர் என்று போடுகிறவர்கள் அதனால்தான். இன்னொன்று, பல வருடமாக அலமாரியில் தூங்கிய ஒரிஜினல் ரப்பர் என்று யாராவது கொடுத்தால் ஆசைப்படாதீர்கள். ரப்பர் வண்டியில் ஓடாமலேயே கிழடாகும்.

எல்லாம் மாட்டியாயிற்று, வண்டி உயரமாக நிற்கிறது; அல்லது புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிட்டது

இதுதான் நான் செய்த தப்பு. வண்டி ஸ்டாண்டில் இருக்கிறது, சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, போல்ட்டும் கைக்கு வசதியாக எட்டுகிறது. அப்படியே, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சை வைத்து ‘க்ளிக்’ கேட்கும்வரை இறுக்கிவிட்டேன். அந்த நொடியில் பிராக்கெட் உள் ஸ்லீவைப் பிடித்துக்கொண்டது, ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ஓய்வு நிலை என்றாகிவிட்டது. வண்டியைக் கீழே இறக்கியதும் எல்லா புஷ்ஷும் முறுக்கிக்கொண்டன. 300 மில்லிமீட்டர் நீள ஆர்ம் தொங்கும்போது முனையில் 80 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று வையுங்கள், அது ஏறக்குறைய 15 டிகிரி முறுக்கு. வண்டி சும்மா நிற்கும்போதே 15 டிகிரி. அதற்கு மேல் ஒரு பள்ளத்தில் சக்கரம் இன்னொரு 80 ஏறினால் 30-ஐத் தாண்டும். முறுக்கின ரப்பர் வண்டியை மேலே தள்ளுவதால் உயரம் கூடி நிற்கும், சவாரி விறைப்பாக இருக்கும். புது புஷ் அப்படித்தான் போலிருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். சரியானது உண்மை, கிழிந்து சரியானது.

முதலில் எழுதிவைத்த அளவு இங்கேதான் உதவும். எல்லா போல்ட்டையும் விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, ஹப்புக்கு அடியில் ஜாக்கை வைத்து, சக்கர நடுவுக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள தூரம் அந்த எண்ணுக்கு வரும்வரை தூக்குங்கள். தூக்கும்போது வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பாமல் ஒரு கண் இருக்கட்டும்; எழும்பப் பார்த்தால் அந்த முறையை விட்டுவிட்டு, நான்கு சக்கரத்தையும் ராம்ப்பில் ஏற்றி வண்டியின் எடையை இறக்கியே முறுக்குங்கள், சொல்லப்போனால் அதுதான் இன்னும் சரி. முறுக்குவதற்கு முன் வண்டியை நாலைந்து தடவை அமுக்கிவிட்டால் ஆர்ம்கள் இயல்பான இடத்துக்கு வந்து உட்காரும். டார்க் அளவு வண்டிக்கு வண்டி வேறு, உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதைப் போடுங்கள். லீஃப் ஸ்பிரிங்கின் கண், ஷேக்கிள், ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண், ஆன்டி ரோல் பார் என்று ரப்பர் இருக்கும் எல்லா இடத்துக்கும் இதே கதைதான்.

ஏற்கெனவே தொங்கவிட்டு இறுக்கிவிட்டீர்களா? இன்னும் கிழியவில்லை என்றால், வண்டி எடையில் நிற்கும்போது ஒவ்வொரு நட்டையும் தளர்த்துங்கள். சில புஷ்கள் தளர்த்தியதும் ‘டக்’கென்று ஒரு துள்ளலோடு விடுபடும், அந்தச் சத்தம் அத்தனை நாள் அடைபட்டிருந்த முறுக்கு. மறுபடி இறுக்கினால் போதும்.

பாலி போட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது ஸ்லீவ் மேல் சுழலும். அவர்களுக்கு வருவது கீச்சுச் சத்தம். பிரித்து, ஸ்லீவைத் துடைத்து, கூடவே வரும் கெட்டியான சிலிக்கான் கிரீஸைத் தாராளமாக ஸ்லீவின் வெளிப்பக்கமும் புஷ்ஷின் பக்கவாட்டு முகங்களிலும் தடவுங்கள். பக்கவாட்டை மறப்பவர்கள்தான் அதிகம், கத்துவதும் பெரும்பாலும் அதுதான். மாட்டும் முன் ஆர்ம் கையால் அசைக்கும்போது லேசான எதிர்ப்போடு சீராக நகர வேண்டும். ஆணி அடித்ததுபோல நின்றால் புஷ்ஷின் நீளம் ஸ்லீவைவிட அதிகம், போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவுக்குப் பதில் புஷ்ஷையே நெரிக்கிறது. தேய்த்துக் குறைக்க வேண்டும்.

ஸ்டீரிங் நேராக இல்லை

புஷ் மாற்றினால் கோணங்கள் மாறத்தான் செய்யும். கேம்களைப் பெயின்ட் குறியில் நிறுத்தியிருந்தாலும் அது அலைன்மென்ட் செய்யும் இடம் வரை வண்டியைப் பத்திரமாகக் கொண்டுபோகத்தான். ஒரு வாரம் ஓட்டி, ரப்பர் உட்கார்ந்த பிறகு அலைன்மென்டுக்குப் போங்கள், அதற்கு முன் வேகம் வேண்டாம்.

போல்ட்டை இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை குறுக்கே ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் குனிந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. வண்டியை எடையில் நிறுத்தி மறுபடி டார்க் ரெஞ்சை எடுங்கள், நைலான் உள்ள நட்டாக இருந்தால் இறுக்காதீர்கள், புது நட் போடுங்கள்.